றீற்றாவின் பெயரில் நான் வைத்த கையெழுத்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்த காலம் முழுவதும் பயிற்சி வகுப்புகளை நான் மதித்ததில்லை. கோயில் மண்டபத்தில் நீங்கள் ஐந்து பேரும் புதுச் சான்றிதழை உறையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டியபோது நான் சிரித்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். "அன்ரி, நாங்கள் ஒரு வருசம் இருந்து படிச்சனாங்கள்" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்தது நல்லதுதான், மகளே. ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு நீ எவ்வளவு காலம் படித்தாய் என்பது தெரியாது. தனக்கு மூச்சு வருகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

இங்கே இத்தாலியில், பலெர்மோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சுவாச நோய் வாட்டில் பதினேழு வருடம் உதவியாளராக இருந்தேன். நோயாளியைக் கழுவுவது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, கட்டிலோடு தள்ளிக்கொண்டு எக்ஸ்றே எடுக்கப் போவது. இனி நீங்கள் செய்யப்போகும் அதே வேலை. அதற்கு முன்னால் பத்து வருடம் சிஞ்ஞோராமாரின், அதுதான் இத்தாலிய எசமானி அம்மாமாரின், வீடுகளில் துடைத்தேன், சமைத்தேன், கிழவிகளைக் குளிப்பாட்டினேன். எங்கள் தமிழ் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வந்த வழி அதுதான். உங்கள் அம்மாமாரும் அந்த வழியால் வந்தவர்கள்தான். அதை மறைத்து என்ன பயன்?

அந்த வீடுகள் எங்களுக்கு இரண்டு பழக்கங்களைத் தந்தன. ஒன்று, எதையும் இரண்டாம் தரம் கேட்காதே. கேட்டால் இவளுக்கு விளங்காது என்று வேறொருத்தியை வைத்துவிடுவார்கள். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "சி, சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்று தலையை ஆட்டிவிட வேண்டும். மற்றது, சொல்லாமலே செய். ஜன்னல் பிணைச்சல் கிறீச்சிட்டால் இரண்டு துளி எண்ணெய் விடு. சாவி இறுகினால் எண்ணெய் தொட்டுத் துடை. சிஞ்ஞோரா வந்து பார்த்துவிட்டு "பிராவா", கெட்டிக்காரி, என்று சொன்னால் அந்த வாரம் முழுக்க மனம் நிறைந்திருக்கும். இதையெல்லாம் இன்று நினைக்க எனக்கே எரிச்சலாக வருகிறது.

மூன்றாவது பழக்கத்தை குவெஸ்துரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் படித்தோம். வதிவிட அனுமதிக்கு விடியவே போய் நிற்பவள் ஒரு கொப்பித்தாளில் பின்னால் வரப்போகிற பத்துப் பேரின் பெயரையும் எழுதிவிடுவாள். வேலைக்குப் போகிறவள் வேலையை முடித்துவிட்டு வரலாம், பெயர் இருக்கும். அதில் களவு இல்லை, ஆளுக்காள் செய்த உதவி. எத்தனையோ தரம் என் பெயரை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் என் வேலை போகாமல் இருந்தது. இப்படி ஒருத்தி எல்லாருக்குமாக எழுதுவது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை அப்படியே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனதுதான் நாங்கள் செய்த பெரிய மடத்தனம்.

இப்போது றீற்றாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பிள்ளை. புருஷன் இல்லை. ஒரேத்தோப் பக்கம் இரண்டு பெண் பிள்ளைகளோடு மூன்றாம் மாடியில் இருந்தாள். அவளும் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் துடைத்துவிட்டு, எங்கள் வாட்டுக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவள். ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிப்பது கரைச்சல், அது கரைச்சலானால் பிள்ளைகளின் படிப்பும் இருப்பும் எல்லாம் கரைச்சல். அந்தப் பயத்தில் இரண்டு ஆளின் வேலையைச் செய்வாள். வாட்டில் அவளைவிடத் துப்புரவான கை கிடையாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு அவளை அசண்டையான, கவனமில்லாத பொம்பிளை என்று சொன்னார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஒட்சிசன் சிலிண்டர்களைப் பற்றிப் பயிற்சி என்றார்கள். சிலிண்டர் கம்பனியிலிருந்து ஒரு இளந்தாரி வந்தான். கணுக்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டை, வாசம் தூக்கலான சென்ற். மேசையில் கோப்பியும் வெண்ணெய்ப் பலகாரமும். ஆளுக்கொரு பேனை. வாட்டில் யாராவது நிற்க வேண்டுமே, தலைமைத் தாதி றீற்றாவை நிறுத்தினாள். அவளைத்தான் நிறுத்துவார்கள், அவள்தான் மாட்டேன் என்று சொல்ல மாட்டாளே. இன்னும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் நோயாளிகளுக்கு ஊட்டிக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் பெயர்ப் பட்டியல் இருந்தது. பெயருக்கு எதிரே கையெழுத்து. நான் என்னுடையதை வைத்தேன். பிறகு அந்த மூன்று பேருடையதையும் வைத்தேன். தலைமைத் தாதி பக்கத்தில்தான் நின்றாள். என் கை நாலு தரம் ஓடியதை அவள் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவளுக்குத் தேவை நிரம்பிய தாள். மேலே அனுப்ப வேண்டும், மேலே உள்ளவன் அதற்கும் மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஆட்களைவிடத் தாள்களுக்குத்தான் நல்ல கவனிப்பு.

பொடியன் திரையில் படங்களை ஓடவிட்டான். அம்புக்குறி, வட்டம், சிவப்பு எழுத்து. நான் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவளோடு அவன் காற்சட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தரம் அவன் குரலை உயர்த்தி, "மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதேங்கோ. சிலிண்டரின்ர தலையில எண்ணெய், கிறீஸ், கைக்குப் பூசுற கிறீம், ஒண்டும் படக்கூடாது. அமுக்கத்தில வாற ஒட்சிசன் எண்ணெயைச் சந்திச்சால் தன்பாட்டில பத்தும்" என்று இத்தாலியனில் சொன்னான். அது என் காதில் நன்றாக விழுந்தது. எந்த விசரி சிலிண்டருக்கு எண்ணெய் பூசப்போகிறாள் என்று நினைத்தேன். அதைப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

வாட்டுக்குத் திரும்பி வந்ததும் றீற்றா ஓடிவந்தாள்.

"என்ன சொன்னவங்கள் அக்கா?"

"ஒண்டுமில்லையடி. வழக்கமான படம்தான். உனக்கும் கையெழுத்து வைச்சிட்டன், நீ யோசிக்காத."

"புதுசா ஒண்டும் இல்லையோ?"

"இல்லையெண்டுறன். போய் அந்தக் கிழவரைத் திருப்பிவிடு, முதுகு புண்ணாகுது."

பயிற்சியைப் பற்றி நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள், நானும் மறந்துபோனேன்.

சில கிழமை போயிருக்கும். புதிதாக வந்த சிலிண்டர்களின் திருகி, அதுதான் மேலே பிடித்துத் திறக்கிற குமிழ், சரியான இறுக்கம். ஆம்பிளைத் தாதிமாரே பல்லைக் கடித்துத்தான் திருப்புவார்கள். றீற்றாவுக்கு மணிக்கட்டு நோ. ஒரு தரம் அவள் திறக்கத் தாமதித்ததற்கு ஒரு தாதி எல்லாருக்கும் முன்னால் ஏசினான். சிலிண்டர் திறப்பது சட்டப்படி தாதியின் வேலை. சட்டத்தை வாசித்தால் அப்படித்தான் இருக்கும். நாலு கட்டில் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்கிறவளின் கைதான் திறக்கும்.

அன்று காலை தோன் பிப்போவை எக்ஸ்றேக்குக் கொண்டுபோக வேண்டும். கபோ சந்தையில் நாற்பது வருடம் மீன் விற்றவர். நுரையீரல் கரைந்து போயிருந்தாலும் வாய் மட்டும் சந்தையிலேயே நின்றது. சுவரிலிருந்து வருகிற ஒட்சிசன் குழாயைக் கழற்றி, சிலிண்டரில் மாட்டி, தள்ளுகட்டிலோடு லிஃப்ற்றுக்குப் போக வேண்டும். நூறு தரம் செய்த வேலை. ஒரு இளம் டொக்டர் கூட வந்தார். அவசரக்காரர். நான் ஆயத்தமாகும் முன்பே சுவர்க் குழாயைக் கழற்றிவிட்டுக் கட்டிலை வாசல்வரை இழுத்துவிட்டார். நான் சிலிண்டரின் குமிழைப் பிடித்தேன். கை வழுக்கியது.

இறுகிக் கிடந்த குமிழ் ஏன் வழுக்க வேண்டும்? சற்று முன்தான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியிருந்தேன். விரலை மூக்கடியில் கொண்டுபோனேன். ஒலிவ் எண்ணெய். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டில் சிறிய பைக்கற்றில் வைப்பார்களே, அதே மணம்.

"திற" என்றார் டொக்டர்.

நான் திறக்கவில்லை.

"திற, சிஞ்ஞோரா. நிறம் மாறுது, பாக்கேல்லையோ?"

பார்த்தேன். தோன் பிப்போவின் உதடு சாம்பலாகிக்கொண்டு வந்தது. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. குமிழை ஒரு சுற்றுச் சுற்றினால் அவருக்கு ஒட்சிசன் வரும். அல்லது என் கையும் அவர் முகமும் படுக்கை விரிப்பும் சேர்ந்து எரியும். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு நான் சிரித்த அந்த ஒரு வசனம் அப்போதுதான் எனக்கு முழுதாக நினைவு வந்தது. டொக்டர் தானே திறக்கக் கையை நீட்டினார். நான் சிலிண்டரை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கட்டிலைக் காலால் உதைத்துச் சுவர்ப்பக்கம் தள்ளினேன். சில்லு அவருடைய காலில் ஏறியது. அவர் சொன்ன வார்த்தைகளைச் சந்தையில்கூட நான் கேட்டதில்லை. நான் குழாயைத் திரும்பச் சுவரில் மாட்டினேன்.

உங்களுக்கு விளங்கட்டும் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஆனால் எல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், நெருக்கடியில் நிதானமாக இருக்க வேண்டும் என்று. நான் நிதானமாக இருக்கவில்லை. டொக்டருக்குப் பயந்தேன், கிழவர் செத்துவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன். எது தெரியாவிட்டாலும் எதைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதைத்தான் அந்தச் சென்ற் பூசிய பொடியன் எனக்குச் சொல்லித் தந்திருந்தான்.

தோன் பிப்போவுக்கு மூச்சுத் திரும்பியதும் முதல் கேட்டார், என்ன நடந்தது என்று. சிலிண்டரில் எண்ணெய் என்றேன். "நாற்பது வருசம் நான் மீனைப் பொரிக்கக் குடுத்தன், இப்ப என்னைப் பொரிக்கப் பாக்கிறியளோ?" என்றார். சிரிக்கப் போய் இருமினார்.

நான் போய்ச் சிலிண்டர் நிறுத்தியிருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஐந்து நின்றது. ஐந்தின் தலையும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப்போலப் பளபளத்தது. றீற்றா பின்னால் வந்து நின்றாள். முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம்.

"நான்தான் அக்கா, விடிய வந்து போட்டனான். தட்டில மிஞ்சின எண்ணெய்தான். இப்ப லேசாத் திரும்புது, என்ன?"

பிராவா என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் தலைமைத் தாதியைக் கூட்டிவந்தேன்; யார் பூசியது என்று அவள் கேட்டதற்கு றீற்றாவே ஒளிக்காமல் நான்தான் என்றாள்.

சிலிண்டர்காரர் கையுறை போட்டுக்கொண்டு வந்து ஐந்தையும் தூக்கிப் போனார்கள். மத்தியானத்துக்குள் நான் பெரிய ஆள். வாட்டின் பெரிய டொக்டர் நடைபாதையில் எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாராட்டுக் கடிதம் எழுதப்படும் என்றார். காலில் சில்லு ஏறிய டொக்டர்கூட நொண்டிக்கொண்டு வந்து நன்றி சொன்னார். நான் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் தலைமைத் தாதி தன் அறைக்கு றீற்றாவைக் கூப்பிட்டாள், என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள். மேசையில் அந்தப் பெயர்ப் பட்டியல்.

"எண்ணெய் படக்கூடாது எண்டு பயிற்சியில சொன்னது. நீ இருந்தனி. இது உன்ர கையெழுத்து. தெரிஞ்சும் செய்திருக்கிறாய். வாற மாசம் உன்ர ஒப்பந்தம் முடியுது, புதுப்பிக்கச் சொல்லி நான் எழுத மாட்டன்."

றீற்றா தாளைக் குனிந்து பார்த்தாள். அவள் கையெழுத்து வைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். நீளமான பெயர் முழுவதையும், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதுவாள். தாளில் இருந்தது ஒரே இழுப்பில் இழுத்த என்னுடைய கிறுக்கல். குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"சி" என்றாள். "என்ர கையெழுத்துத்தான்."

எனக்காகச் சொன்னாள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தது. பாராட்டுக் கடிதம் வரவிருந்தது. காலையில் ஒரு டொக்டரை எதிர்த்து நின்றவளுக்குப் பின்னேரம் ஒரு கிறுக்கலை எதிர்த்து வாய் திறக்க முடியவில்லை. இந்த இடத்தில் என்னைக் காறித் துப்ப வேண்டும்போல உங்களுக்கு இருந்தால் துப்பலாம், நான் தடுக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போக ஸ்தாசியோனே சென்ட்ராலேயில், பெரிய ரெயில் நிலையத்தடியில், நாங்கள் இருவரும் பஸ் மாறுவது வழக்கம். அன்றும் ஒரே தரிப்பில் நின்றோம். ஒரேத்தோ பஸ் வந்ததும் "போயிட்டு வாறன் அக்கா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு ஏறினாள். அவள் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசி மனத்தைத் தேற்றியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை உடுப்பு மாற்றாமலே தலைமைத் தாதியின் அறைக்குப் போனேன்.

"அந்தக் கையெழுத்து நான் வைச்சது. றீற்றா அங்கை வரேல்லை. அந்த ரெண்டு பிள்ளையளும் வரேல்லை. என்ன சொன்னவங்கள் எண்டு அவள் வந்து கேட்டவள், நான் ஒண்டுமில்லை எண்டனான்."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உனக்குக் கடிதம் தயாராயிருக்கு. பென்சனும் கிட்ட வந்திட்டுது. நீ இப்ப சொன்னது என்ர காதில விழேல்லை. யோசிச்சுப்போட்டு வா."

"யோசிச்சதாலதான் நேற்றுச் சொல்லாமல் விட்டனான். ஒரு தாள் தாங்கோ, எழுதித் தாறன்."

அவள் பயந்தது எனக்காக இல்லை. ஒரு கையெழுத்துப் பொய் என்றால் மற்றதையும் பார்க்க வேண்டி வரும். பார்த்தார்கள். எங்கள் மூன்று மட்டுமா பொய்? அரைவாசித் தாள் பொய். இத்தாலியர்கள் குவெஸ்துரா வரிசையில் நிற்காமலே இந்தக் கலையைப் படித்திருந்தார்கள். பொடியனை மறுபடி கூப்பிட்டு, இந்தத் தரம் பலகாரம் இல்லாமல், இரண்டு நாள் பிரித்து எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பாராட்டுக் கடிதம் போன இடம் தெரியாது. தண்டனையாக என்னைப் பத்து நாள் வீட்டில் இருத்தினார்கள். றீற்றாவுக்கு ஒரு எச்சரிக்கை எழுதி, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

திரும்பி வந்த அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. பாருங்கள், எவ்வளவு திமிர். அவள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எண்ணெய் படக்கூடாது. ரெண்டு சொல்லு அக்கா. நான் ரெண்டு தரம் கேட்டனான்."

சிஞ்ஞோராவின் வீட்டில் இரண்டாம் தரம் கேட்கப் பயந்த பெண், என்னிடம் பயப்படாமல் இரண்டாம் தரம் கேட்டாள். ஏன் கேட்டாள்? நான் அவளுடைய ஆள் என்று நம்பித்தான்.

பென்சனுக்கு முந்திய மாதம் கடைசியாக ஒரு பயிற்சி. புதிய சுவாச மெசின். ஒரு கிழவியின் குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போக எனக்குப் பிந்திவிட்டது. போனபோது முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் பெயர்ப் பட்டியலோடு றீற்றா இருந்தாள். அந்தப் பொறுப்பை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். நான் பேனையை எடுத்தேன். அவள் உள்ளங்கையை என் பெயருக்கு மேலே வைத்தாள்.

"என்ன சொன்னவங்கள் எண்டு சொல்லுங்கோ. பிறகு வையுங்கோ."

"இன்னும் ஒரு மாசத்தில போகப்போறன், றீற்றா. உந்த மெசினை நான் தொடவும் மாட்டன்."

"ஒரு மாசத்துக்கு முப்பது நாள் அக்கா. கையை எடுக்க மாட்டன்."

முகம் சுட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பேனையை வைத்துவிட்டு, பின்னேரம் அடுத்த குழுவோடு போய் முன்வரிசையில் இருந்தேன். முடிந்து வந்து அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் கை விலகியது.

திங்கட்கிழமை நீங்கள் அதே வாட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் பயிற்சிக்குப் போகும்போதும் அந்த வாசலில் அவள்தான் இருப்பாள். சான்றிதழைக் காட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் என்று சொல்லிப் பார்க்கவும் வேண்டாம். என் பெயரைச் சொன்னால் உங்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேட்பாள்.